இரண்டு சம்பளம், ஒரு 555 புத்தகம்: தோட்டத்து நகரில் புதுக்குடித்தனம் நடத்துவோர்க்கு

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். இருட்டோடு பிரட்டுக்கு, அதாவது காலைப் பெயர்க் கணக்கெடுப்புக்கு, போய்ப் பெயர் கொடுத்து, வெயில் ஏறும் முன் பாலெடுத்துத் திரும்புவார். சம்பளத்தன்று கிராணி (தோட்டத்து எழுத்தர்) எண்ணிக் கொடுக்கும் பணம் தோட்டத்துக் கடை வாசலைத் தாண்டி வீடு வந்து சேர்ந்தது அரிது. கடைக்காரரிடம் உள்ளங்கை அகலத்தில், அட்டையில் 555 என்று போட்ட ஒரு சின்னக் குறிப்பேடு இருக்கும். அதுதான் 555 புத்தகம். சீனி, மண்ணெண்ணெய், கருவாடு என்று எல்லாம் அதில் பற்று. பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் எந்த நாளில் என்ன வாங்கினார் என்பதைக் கடைக்காரருக்கே திருத்திச் சொல்வார்.

நானும் என் வீட்டுக்காரரும் படித்தவர்கள். இரண்டு பேருக்கும் மாதச் சம்பளம். கல்யாணமான முதல் ஆண்டில், 20ஆம் தேதி தாண்டினால் அம்மாவிடம் 50 வெள்ளி (ரிங்கிட்) கேட்டு நிற்போம். எங்கே போயிற்று என்று கேட்டால் இருவருக்கும் பதில் தெரியாது.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். தோட்டத்தின் பழைய லயத்து வரிசை வீடுகளிலிருந்து தாமான்களுக்கு, அதாவது புதுக் குடியிருப்புகளுக்கு, வந்தவர்களின் பிள்ளைகள்தாம் எங்கள் தெருவில் பெரும்பாலோர். காலையில் பாதித் தெரு ஈப்போ தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கிளம்பிவிடும். இந்த மாதிரி ஒரு சிறு நகரத்தில் புதிதாகக் குடித்தனம் தொடங்கும் இணையர் எங்களிடம் கேட்கும் கேள்விகளுக்கு, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசையிலேயே இங்கே பதில் எழுதுகிறேன்.

முதல் மாதம்: எழுதுங்கள், குறைக்க முயலாதீர்கள்

மளிகைக் கடையில் இன்றும் 555 புத்தகம் கிடைக்கிறது. இரண்டு வாங்குங்கள். ஒன்று கணவர் சட்டைப் பையில், ஒன்று உங்கள் கைப்பையில். கைப்பேசிச் செயலி போதாதா என்று கேட்பீர்கள். செயலி எவ்வளவு செலவானது என்று சொல்லும். நமக்கு வேண்டியது எப்போது செலவானது என்பது. ஆகவே ஒவ்வொரு செலவுக்கும் பக்கத்தில் மணியைக் குறியுங்கள். தொகை, பொருள், மணி, அவ்வளவுதான்.

இந்த ஒரு மாதம் எதையும் குறைக்க வேண்டாம். குறைக்கத் தொடங்கினால் பொய் எழுதத் தொடங்குவீர்கள். நான் எழுதியிருக்கிறேன். 14 வெள்ளிக்கு வாங்கிய காதுத் தோட்டை "இதர" என்று போட்டேன். அவர் சிகரெட்டை "டோல்" என்று போட்டார். அவர் வேலைக்குப் போகும் பழைய சாலையில் டோலே கிடையாது.

மாதக் கடைசியில் இரண்டு புத்தகத்தையும் மேசைமேல் விரித்துப் பார்த்தபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. பெரிய செலவுகள் எல்லாம் எங்களுக்குத் தெரிந்த செலவுகள். தெரியாமல் போனவை மாலை 6.45க்கும் 8.30க்கும் நடுவே போயிருந்தன. வேலை முடிந்து வரும் வழியில் பொட்டலம் கட்டிய சோறு, மீ கோரேங். துணி காயவில்லை என்று டோபி கடையில் போட்ட காசு. பிள்ளையை அழைக்கத் தாமதமானதற்குப் பராமரிப்பு இல்லத்தில் கட்டிய கூடுதல் கட்டணம். கூட்டிப் பார்த்தால் 412 வெள்ளி. அந்தப் பட்டியலில் ஆடம்பரம் என்று ஒன்றைக்கூடச் சுட்ட முடியவில்லை. எல்லாம் அலுப்பு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் அலுப்புச் செலவு. கீழே நான் சொல்லும் எல்லாமே அந்த ஒரு வரியைச் சுருக்குவதற்கான வழிகள்தாம்.

சம்பளச் சீட்டைச் சேர்ந்து படியுங்கள்

ஒருவர் சம்பளம் மற்றவருக்குத் தெரியாத வீடுகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டில் வரவுசெலவு போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு அரிசி களைவது போல. இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

ஒரு கணக்கு காட்டுகிறேன். அவருக்கு அடிப்படைச் சம்பளம் 2,100 வெள்ளி, உங்களுக்கு 1,900 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,000. ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 440 போகும். சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கும் வேலை காப்புறுதிக்கும் சேர்த்து, நாங்கள் கணக்குப் போட்டபோது, ஏறத்தாழ 28. கையில் வருவது 3,532. இதுதான் உங்கள் சம்பளம். 4,000 என்ற எண்ணை மறந்துவிடுங்கள்.

இந்த 3,532இல் ஓவர்டைம் சேராது. ஏன் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2,100ஐ 26 நாளால் வகுத்து, 8 மணியால் வகுத்தால் மணிக்கு 10 வெள்ளி 10 காசு. சாதாரண வேலை நாளில் ஓவர்டைமுக்குச் சட்டப்படி ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 15 வெள்ளி சொச்சம். இரண்டு மணி நேரம் கூடுதலாக நின்றால் 30 வெள்ளி. அன்று அவர் இரவு 9 மணிக்கு வருவார். நீங்களும் பிள்ளையோடு தனியாக மல்லுக்கட்டிச் சோர்ந்திருப்பீர்கள். சமைக்கவில்லை. மூன்று பேருக்கு வெளியில் சாப்பாடு 28 வெள்ளி. மீதம் 2 வெள்ளிக்கு அவர் இரண்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நின்றிருக்கிறார். ஓவர்டைமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓய்வு நாளில் இரண்டு மடங்கு, பொது விடுமுறையில் மூன்று மடங்கு கிடைக்கும்போது ஒத்துக்கொள்ளலாம். வீட்டில் சமைத்த குழம்பு இருக்கும் நாளில் ஒத்துக்கொள்ளலாம். அந்தப் பணம் தனிக் கணக்கில் போகட்டும்.

தாளில் போடுங்கள்

எங்கள் பழைய மாதத் தாள் ஒன்றைக் கொஞ்சம் நேராக்கித் தருகிறேன். உங்கள் எண்கள் வேறாக இருக்கும்.

வீட்டு வாடகை 550. கார்த் தவணை 487. கார் பெட்ரோல் 205, மோட்டார் சைக்கிளுக்கு 30. மின்சாரம் 110, தண்ணீர் 15. கைப்பேசிகளும் இணையமும் 160. பிள்ளைப் பராமரிப்பு 350. இரண்டு வீட்டுப் பெற்றோருக்கும் தலா 150. சாப்பாடும் மளிகையும் 800. கோயில், மொய், பிறந்தநாள் வகையில் 150. படிப்புக் கடன் 100. அவசரத்துக்கு ஒதுக்குவது 200. கூட்டினால் 3,457. மீதம் 75.

அந்த 75ஐ நாங்கள் சேமிப்பு என்று எழுதுவதில்லை. அலுப்புப் பணம் என்றே எழுதுகிறோம். முடியாத நாளில் வெளியில் வாங்கிச் சாப்பிட அது. அது முடிந்துவிட்டால் ரசமும் முட்டையும். எதுவுமே ஒதுக்காமல் "இனி வெளியில் சாப்பிடவே மாட்டோம்" என்று சபதம் எடுத்த மாதங்களில்தான் நாங்கள் மிக மோசமாகத் தோற்றோம்.

பெற்றோருக்குக் கொடுக்கும் பணத்தை முதலில் வெட்டுவது சிலருடைய பழக்கம். அவருடைய அம்மாவுக்கு எவ்வளவோ உங்கள் அம்மாவுக்கும் அவ்வளவு. இதில் ஏற்றத்தாழ்வு வந்தால் அந்தச் சண்டைக்கு ஆகும் செலவைத் தாளில் போட முடியாது.

வாரத்தைச் சமையலறையிலிருந்து தொடங்குங்கள்

இதுதான் பெரிய வேலை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஷிப்ட் அட்டவணையைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். அவர் எந்த வாரம் காலை, எந்த வாரம் இரவு, நீங்கள் எந்த நாள் தாமதமாக வருவீர்கள் என்பது தெரியாமல் சாப்பாட்டுத் திட்டம் போட முடியாது. இருவரும் களைத்து வரும் நாள்கள் வாரத்தில் இரண்டோ மூன்றோ இருக்கும். அவற்றைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சமைப்பது அந்தச் சிவப்பு நாள்களுக்காக.

ஞாயிறு காலைச் சந்தைக்கு ஏழரைக்குள் போய்விடுங்கள். கோழி, கெம்போங் மீன், நெத்திலி, கீரை, தக்காளி. வீட்டுக்கு வந்ததும் காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, வெங்காயம் பூண்டோடு அரைத்து, எண்ணெய் பிரியும் வரை நிதானமாக வதக்குங்கள். முக்கால் மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் பச்சை வாடை போகாது. இந்தச் சம்பலை ஆறவைத்து நான்கு டப்பாவில் போட்டு உறையவைத்தால், திங்கள் நெத்திலி சம்பல், புதன் முட்டை சம்பல், வியாழன் மீன் சம்பல் என்று மூன்று இரவு தாண்டிவிடும். நான்காவது டப்பா யாருக்கு என்று பிறகு சொல்கிறேன். பருப்பை மொத்தமாக வேகவைத்து இரண்டு பங்காக உறையவைக்கலாம். புளிக்குழம்பு இரண்டாம் நாள்தான் ருசிக்கும். அதைச் செவ்வாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வந்ததும் சோறு தயாராக இருக்கட்டும் என்று காலையிலேயே அரிசியைக் களைந்து தண்ணீரோடு சட்டியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். இந்த வெக்கையில் மாலைக்குள் புளித்த வாடை வந்துவிடும். நான் இரண்டு முறை ஏமாந்தேன். முதலில் வீட்டுக்கு வருபவர் கைப்பையைக் கீழே வைக்குமுன் உலை வைக்க வேண்டும். அது கணவரானாலும் சரி. எங்கள் வீட்டில் அவர் காலை ஷிப்ட் வாரத்தில் என்னைவிட ஒரு மணி நேரம் முன்னே வந்துவிடுவார். ஆரம்பத்தில் சோபாவில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருப்பார். பசியோடு காத்திருக்கும் ஆளும் பசியோடு வீடு வரும் ஆளும் சந்தித்தால் என்ன நடக்கும்? மீ கோரேங் வாங்கப் போவார்கள். இப்போது அவர் சோறும் வைப்பார், கீரையும் ஆய்வார். அத்தை பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு பழகிக்கொண்டார்.

மளிகையில் விலை கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு வெள்ளை அரிசி 10 கிலோ 26 வெள்ளி. ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் 2.50. சாதாரணச் சீனி கிலோ 2.85. உள்நாட்டு அரிசி எப்போதும் கடையில் இருக்காது. கண்ட அன்றே ஒரு மூட்டை எடுங்கள். நம் வீடுகளில் பொன்னி அரிசி இல்லாமல் சோறே இறங்காது என்பார்கள். வார நாளில் உள்நாட்டு அரிசி, வெள்ளிக்கிழமை சாம்பாருக்குப் பொன்னி என்று நாங்கள் சமாதானம் செய்துகொண்டோம். சமையல் எரிவாயு 14 கிலோ கலனுக்கு அடிப்படை விலை 26.60. வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தால் கூலி சேரும். இரண்டு கலன் வைத்திருங்கள். இரவு எட்டு மணிக்கு எரிவாயு தீர்ந்த வீட்டில் அன்று யாரும் சமைப்பதில்லை.

பசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) போகும் நாளில் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு, ஒரே ஒரு 20 வெள்ளித் தாளோடு போங்கள். பசியோடு போனவன் கையிலிருக்கும் பணம் கரும்புச் சாற்றிலேயே தொடங்கிவிடும்.

சம்பள நாளன்று

வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். இருவருடைய சம்பளமும் 7ஆம் தேதிக்குள் வந்துவிடும் என்றால், வாடகை, தவணை, கட்டணம் எல்லாவற்றையும் 8 முதல் 10ஆம் தேதிக்குள் அமைத்துக்கொள்ளுங்கள். முடிந்தவற்றைத் தானாகவே கழியும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். களைத்த மனிதர்கள் தேதி மறப்பார்கள். மறதிக்கு அபராதம் உண்டு.

மூன்று கணக்குகள் போதும். வீட்டுக் கணக்கு ஒன்று. அதில் கட்ட வேண்டியதும் சாப்பாடும். அவசரக் கணக்கு ஒன்று, அட்டை இல்லாமல். மூன்றாவதாக ஆளுக்கு ஒரு சிறு தொகை, ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கக் கூடாத பணம். 30 வெள்ளி என்றாலும் இருக்கட்டும். நான் தோட்டை "இதர" என்று எழுதாமல் இருப்பதற்கு அதுவே காரணம். மேலே போட்ட தாளில் அது இல்லையே என்று கவனித்திருப்பீர்கள். அது ஓவர்டைமிலிருந்து வருகிறது.

சாப்பாட்டுப் பணம் 800ஐ நான்கு உறையில் 200 வீதம் போட்டுவிடுவோம். ஐந்து ஞாயிறு வரும் மாதத்தில் உதைக்கும். அந்த மாதங்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

வண்டி

சிறு நகரத்தில் பஸ்ஸை நம்பி ஷிப்ட் வேலைக்குப் போக முடியாது. வண்டி வேண்டும். ஆனால் இரண்டு பேருக்கும் இரண்டு கார் வேண்டாம். ஈப்போ இங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். போகவர 60, மாதம் 24 நாள் என்றால் 1,440 கிலோமீட்டர். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடும் கார் 103 லிட்டர் குடிக்கும். 2025 செப்டம்பர் 30 முதல் புடி95 என்னும் மானியத் திட்டத்தில் மலேசியக் குடிமக்கள் அடையாள அட்டையைக் காட்டி லிட்டர் 1.99க்கு ரோன்95 பெட்ரோல் வாங்குகிறார்கள். அந்தக் கணக்கில்தான் மேலே 205 என்று போட்டேன். அட்டையை வீட்டில் மறந்துவிட்டுப் போனால் மானியம் இல்லாத விலைதான். திட்டம் தொடங்கியபோது இருந்த 2.60 விலையில் அதே ஓட்டத்துக்கு 60 வெள்ளிக்கு மேல் கூடியிருக்கும்.

கார் வாங்கும்போது விற்பவர் மாதத் தவணையை மட்டும் சொல்வார். மொத்தத்தைக் கேளுங்கள். 40,000 வெள்ளிக் கடனுக்கு 3.5 விழுக்காடு தட்டை வட்டி (கடன் குறைந்தாலும் கடைசிவரை முழுத் தொகைக்கே போடும் வட்டி), ஒன்பது ஆண்டு என்று ஒப்பந்தம் இருந்தால், வட்டி மட்டும் 12,600. மாதம் 487. ஒன்பது ஆண்டு என்பது, இன்று பிறந்த பிள்ளை மூன்றாம் ஆண்டு படிக்கும் காலம். 1000 சிசிக்கு உட்பட்ட காருக்குத் தீபகற்பத்தில் சாலை வரி ஆண்டுக்கு 20 வெள்ளிதான். காப்புறுதிதான் கனக்கும். அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் எடுத்து வையுங்கள். எங்கள் வழியில் போகும் இருவர் அவருடன் காரில் வந்து பெட்ரோலைப் பகிர்ந்துகொள்வதால், அந்தப் பணம் காப்புறுதிக்கே போகிறது.

மின்சாரத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 600 யூனிட்டுக்குள் இருந்தால் சில கட்டணங்கள் சேராது. ஒரு குளிரூட்டியும் சிறு குடும்பமும் இருக்கும் வீட்டுக்கு அது முடியும். மின்சார நிறுவனமான டிஎன்பியின் நேரவாரிக் கட்டணத்துக்கு மாறினால், வேலை நாளில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை விலை கூடுதல், மற்ற நேரம் குறைவு. பகலெல்லாம் வீடு பூட்டியிருந்து, துணி துவைப்பதை இரவு பத்துக்குமேல் வைத்துக்கொள்ள முடிந்தால் பொருந்தும். மாலை ஆறு மணிக்கே குளிரூட்டியைப் போடும் வீட்டுக்குப் பொருந்தாது.

உறவு, கோயில், தீபாவளி

நகரத்தில் நாலு கல்யாணத்துக்குப் போகாமல் இருக்கலாம். இங்கே முடியாது. அப்பாவுடன் ஒரே தோட்டத்தில் வேலை செய்தவரின் பேத்தி பூப்புனித நீராட்டுக்கும் அழைப்பு வரும், போகத்தான் வேண்டும். மொய்க்கு ஒரு தொகையை முடிவு செய்துகொண்டு எல்லாருக்கும் அதையே வையுங்கள். நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும் வேறு. வாங்கிய மொய்யைக் குறித்து வைத்த நோட்டு உங்கள் மாமியாரிடம் இருக்கும். ஒருமுறை கேட்டுப் பாருங்கள், அது ஊரின் கணக்கு வரலாறு.

தீபாவளிக்கு ஜனவரியிலிருந்தே சேருங்கள். துணி, பலகாரம், பிள்ளைகளுக்கு அங்பாவ் (உறையில் வைத்துக் கொடுக்கும் பணம்), ஊருக்குப் போகும் செலவு என்று 1,200 வெள்ளி ஆகுமென்றால் மாதம் 120. மேலே தாளில் இருக்கும் 150இல் அது போதாது என்பது உண்மை. நாங்கள் ஓவர்டைமை அங்கேதான் கொட்டுகிறோம். தைப்பூசமும் பள்ளிக்கூடம் திறப்பதும் ஒன்றையொன்று துரத்தி வரும் ஆண்டில் மூச்சுத் திணறும்.

சொந்தக்காரர் கடன் கேட்டால் என்ன செய்வது என்பதற்கு எங்கள் வீட்டு விதி: 200 வெள்ளி வரை கொடுத்தால் திரும்பாது என்று எண்ணிக் கொடுப்போம். அதற்குமேல் இல்லை. ஜாமீன் கையெழுத்து யாருக்கும் இல்லை. இதைச் சொல்ல நான் கணவரையும், அவர் என்னையும் காரணம் காட்டிக்கொள்வோம். "வீட்டில் கேட்க வேண்டும் மாமா" என்பது இந்த ஊரில் செல்லுபடியாகும் பதில்.

கூட்டு, அடகு, வட்டி முதலை

நம்மவர்களிடையே கூட்டு, அதாவது சீட்டு, போடுவது இன்னும் ஓயவில்லை. பத்துப் பேர், ஆளுக்கு 200, மாதம் ஒருவருக்கு 2,000. அக்காதானே நடத்துகிறார் என்ற நம்பிக்கை. கூட்டுத் தொழில் நடத்துவதைத் தடைசெய்யும் சட்டம் 1971இலேயே வந்துவிட்டது. நடத்தியவர் ஓடிவிட்டால், போய் முறையிடக்கூட நமக்கு நல்ல இடம் இல்லை. எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் எட்டு மாதம் கட்டி ஒன்பதாம் மாதம் ஏமாந்தார். கட்டாயமாகச் சேர்க்கும் பழக்கம்தான் வேண்டுமென்றால், சம்பளத்தன்று தானாகக் கழியும் வங்கி ஏற்பாடே போதும்.

நகையை அடகு வைப்பதை நான் இழிவாகப் பார்ப்பதில்லை. உரிமம் பெற்ற கடையில் வட்டி மாதம் 2 விழுக்காடு வரை. 1,000 வெள்ளிக்கு ஆறு மாதத்தில் 120. மீட்கும் தேதியை 555 புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

உரிமம் பெற்ற வட்டிக்கடையும் வட்டி முதலையும் வேறு. சட்டப்படி உரிமம் பெற்றவர் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்குமேல் வாங்க முடியாது. மின்கம்பத்தில் ஒட்டிய காகிதத்தில் கைப்பேசி எண் மட்டும் இருந்தால் அவர் யாரென்று உங்களுக்கே தெரியும். அங்கே கையெழுத்திட்ட பிறகு கதவில் சிவப்புச் சாயம் பூசுவதற்கு அதிக நாள் ஆகாது.

இப்போது புதிதாக வந்திருப்பது கைப்பேசிக்குள்ளேயே இருக்கும் கடை. இப்போது வாங்கு, பிறகு கட்டு, மூன்று தவணை, வட்டி இல்லை. எனக்கு அதைப் பார்த்தால் பாட்டியின் தோட்டத்துக் கடை நினைவுக்கு வருகிறது. அங்கேயாவது கடைக்காரர் முகம் தெரியும். ஒரு காலணி, ஒரு காற்றாடி, ஒரு பிள்ளை வண்டி என்று மூன்று பொருளின் தவணை சேர்ந்தால், அடுத்த மாதச் சம்பளம் வருவதற்கு முன்பே அதில் 180 வெள்ளி இல்லை. ஒரு நேரத்தில் ஒரு தவணைதான் என்று வைத்துக்கொண்டோம்.

ஏற்கெனவே மூழ்கிவிட்டால் ஏகேபிகே இருக்கிறது. கடன் ஆலோசனைக்காக மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்த நிறுவனம் அது. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றி அமைக்க உதவுவார்கள். வெட்கப்பட்டு ஓராண்டு தள்ளிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஓராண்டுக்கும் சேர்த்து வட்டி கட்டினார்கள்.

சேமிப்பும் உரிமையும்

அவசரக் கணக்கில் முதல் இலக்கு 1,000 வெள்ளி. டயர் வெடித்தாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் கடன் வாங்காமல் சமாளிக்கும் தொகை. காய்ச்சலுக்கு அரசுச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். காத்திருக்க வேண்டும் என்பதுதான் விலை. ஆகவே காய்ச்சல் நாளில் யார் விடுப்பு எடுப்பது என்று முன்னரே முறை வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் மனைவியின் விடுப்பே கரைந்தால், டிசம்பரில் ஊருக்குப் போக அவருக்கு விடுப்பு மிஞ்சாது.

சேமநிதியில் 2024 மே மாதம் முதல் மூன்று கணக்குகள். வரும் பணத்தில் 75 விழுக்காடு ஓய்வுக்காலத்துக்கு, 15 நல்வாழ்வுக்கு, 10 நெகிழ்வுக் கணக்குக்கு. நெகிழ்வுக் கணக்கிலிருந்து 50 வெள்ளி முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். முதலாளியின் 13 விழுக்காட்டையும் சேர்த்தால், நம் மாதிரித் தம்பதிக்கு அதில் மாதம் 96 வெள்ளி சேரும். ஆண்டுக்கு 1,152. எடுக்காமல் விட்டால் அதுவே இரண்டாவது அவசரக் கணக்கு. கைப்பேசியில் இருந்த சேமநிதிச் செயலியை என் வீட்டுக்காரர் அழித்துவிட்டார். கேட்டால், "அலுப்பான நாளில் கை அங்கேதான் போகிறது" என்றார்.

குடும்ப வருமானம் மாதம் 5,000 வெள்ளிக்குள் இருந்தால் எஸ்டிஆர் என்னும் அரசு ரொக்க உதவிக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். பிள்ளை பிறந்தால் தகவலைப் புதுப்பியுங்கள். சாரா என்னும் இன்னொரு அரசு உதவி அடையாள அட்டை வழியே வருகிறது. பதிவுபெற்ற கடைகளில் அடிப்படைப் பொருள் வாங்க மட்டும் செல்லும். பிள்ளைக்காக வேலையை விட்டு வீட்டில் இருக்கும் பெண்களுக்குச் சொக்சோவின் இல்லத்தரசிகள் திட்டம் உண்டு, ஆண்டுக்கு 120 வெள்ளி. வழுக்கி விழுந்து கை ஒடிந்தால் யார் பார்ப்பார் என்ற கேள்விக்கு ஒரு பதிலாவது இருக்கும்.

அவசரத் தொகை நிறைந்த பிறகு ஏஎஸ்எம் போன்ற, எல்லா மலேசியருக்கும் திறந்த யூனிட் நிதிகளைப் பார்க்கலாம். ஒரு யூனிட் ஒரு வெள்ளி. 10, 20 என்று போட முடியும். சிறு தொகையால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் யாரும் சொல்லக் கூடாது. இங்கே பிறந்து அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தபோது, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தப் பத்து வெள்ளிகள் சேர்ந்து தோட்டங்களையே வாங்கின.

ஞாயிறு இரவு ஒன்பது மணி

பிள்ளை தூங்கிய பிறகு கால் மணி நேரம். தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். இரண்டு 555 புத்தகமும் மேசைக்கு வரட்டும். சென்ற வாரத்து உறையில் என்ன மிச்சம், இந்த வாரத்தில் எந்த நாள் சிவப்பு, யார் பிள்ளையை அழைப்பது, எரிவாயுக் கலனில் எவ்வளவு இருக்கிறது. நான்கு கேள்விதான். குற்றம் சாட்டும் வாக்கியம் வந்துவிட்டால் அன்று கணக்கை மூடிவிடுவோம். மறுநாள் பேசிக்கொள்ளலாம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எரிவாயுக் கடை, பராமரிப்பு இல்லம், பக்கத்து வீடு ஆகியவற்றின் எண்கள் இருக்கட்டும்.

சென்ற ஞாயிறு எங்கள் கணக்கில் வியாழக்கிழமை மட்டும் சரிப்படவில்லை. அவருக்கு இரவு ஷிப்ட், எனக்கு அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிப்பு. ஆறு மணிக்குப் பிள்ளையை யார் அழைப்பது? வேலியோரமாக நின்று பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டேன். "இதற்குப் போய் கேட்பாயா" என்றார். உள்ளே வந்து 555 புத்தகத்தில் எழுதினேன்: வியாழன், மாலை 6, அக்கா, ஒரு டப்பா சம்பல்.